செத்த மீனை அடிக்கிறவள்

மீன்கள் பேசத் தொடங்கிய அன்று சங்குத்துறையில் யாரும் வேலையை நிறுத்தவில்லை, ஏனென்றால் அன்று சூரை மீன் ஏராளமாகப் பட்டிருந்தது, வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டியிருந்தது. முதலில் பேசியது சந்தையில் மீன் ஆயும் தையல்நாயகியின் வெட்டுக்கட்டையில் கிடந்த சூரைதான். அவள் கத்தியை அதன் வயிற்றில் வைத்ததும் அது வாயைத் திறந்து, "அனுமதி இல்லாதவங்க காதப் பொத்திக்குங்க" என்றது. தையல்நாயகி தன் முன்னால் பையோடு நின்ற சத்துணவு அமைப்பாளரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். மற்றவர்தான் பேசியது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மீன் தொடர்ந்தது: "ஒடம்பு ஒரு ரகசியம், வாக்கு ஒரு ரகசியம், மனசு ஒரு ரகசியம். மூணும் ஒரே கயித்துல திரிச்சதுடா கூமுட்ட. ஒண்ண மட்டும் இழுத்தா வல ஏறாது." அதன் பிறகு அது மற்ற செத்த மீன்களைப் போலவே கிடந்தது.

"இதுக்கு நடுமுள்ளு எடுக்கணுமா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"எடுத்துருங்க," என்றார் அமைப்பாளர்.

மதியத்துக்குள் சந்தையில் ஒவ்வொரு கட்டையிலும் பேச்சு எழுந்துவிட்டது. மத்தி குளிப்பதைப் பற்றியும், விளக்கேற்றுவதைப் பற்றியும், எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்பதைப் பற்றியும் பேசியது. சூரை சபதங்களைச் சொன்னது. நெத்திலி சின்ன மீன் என்பதால் ஆளுக்கு ஓர் எழுத்து மட்டும் சொன்னது, ஓம் என்று ஒன்று, ஹூம் என்று ஒன்று, ஆக ஒரு கிலோ நெத்திலியைப் பொறுமையாக ஆய்ந்தால் ஒரு மந்திரம் கிடைத்தது. இறால் பேசவில்லை, விரல்போல் சுருண்டு ஏதோ காட்டியது. நண்டுகள் ஈர மணலில் சதுரத்துக்குள் வட்டமும் வட்டத்துக்குள் தாமரையுமாகக் கோலம் போட்டு, போட்டு முடித்ததும் தாமே அதை அழித்துவிட்டுப் போயின. அறுக்காத மீன் வாய் திறக்கவில்லை. அறுத்த மீன் தன் வரியைச் சொன்னதும் அடங்கியது. சுவை மாறவில்லை. அரசாங்கத்திலிருந்து வந்து பரிசோதித்த டாக்டர் மீன் உண்ணத் தகுந்தது என்று சொல்லிவிட்டு, பேச்சைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை என்று கைவிரித்து, போகும்போது இரண்டு கிலோ விளமீனும் வாங்கிக்கொண்டு போனார்.

ஒரே ஒரு கட்டையில் மட்டும் சத்தம் இல்லை. அது வாதமரத்தடியில் இருந்த அஞ்சலாட்சியின் கட்டை.

அஞ்சலாட்சி கடற்கரைப் பெண் அல்ல. ஏரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அங்கே விராலும் கெளுத்தியும் உயிரோடுதான் கைக்கு வரும், கத்தியின் முதுகால் தலையில் ஓங்கி இரண்டு போட்டால்தான் துள்ளாமல் ஆய முடியும். அந்தப் பழக்கத்தை அவள் இங்கேயும் விடவில்லை. ஐஸ் பெட்டியில் கிடந்து விறைத்துப்போன மீனைக்கூட இரண்டு போட்டுவிட்டுத்தான் செதில் சீவுவாள். செத்த மீனை அடிக்கிறவள் என்று சந்தை முழுக்க அவளைக் கேலி செய்யும். அடிபட்ட மீன் பேசாது என்பது இப்போது தெரிந்ததும் கேலி நின்றது. தலைவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள், வீட்டிலேயே போதுமான அறிவுரை கேட்கிறவர்கள், ஓட்டல்காரர்கள் என்று எல்லோரும் அவள் கட்டைக்கு வரிசை கட்டினார்கள்.

வரிசையில் நின்றவர்களுக்கு அது வசதி, அஞ்சலாட்சிக்கோ அந்த அடி தொழில் மட்டும் இல்லை. மீன்கள் சங்குத்துறைக்காரர்களின் தமிழில், படகில் ஆண்கள் பேசும் அதே இழுவையோடும் வசவோடும் பேசின. அது மட்டுமா, குரல்களும் தெரிந்த குரல்களாக இருந்தன. தையல்நாயகி ஒருநாள் மத்தி ஆயும்போது கடலில் மூழ்கிப்போன தன் அப்பாவின் இருமலைக் கேட்டாள். ஐஸ் கம்பெனிக்காரரின் மனைவி ஒரு வஞ்சிரத்தில் தன் சித்தப்பாவைக் கேட்டாள். அவர் பாதி பேச்சில் மூக்கை உறிஞ்சுவார், மீனும் உறிஞ்சியதாம். கடலுக்குள் போனவர்களின் குரலெல்லாம் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சியின் புருஷன் சிங்காரமும் கடலுக்குள் போனவன்தான். அவன் குரலைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. அதனால் முன்பு பழக்கத்துக்கு அடித்தவள் இப்போது வேண்டுமென்றே, இரண்டுக்கு மூன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள்.

சிங்காரத்தின் கதையைச் சங்குத்துறையில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், அதுதான் அவளுக்குப் பெரிய தலைவேதனை. புயல் எச்சரிக்கை வந்து, ஊர்ப் பஞ்சாயத்து தொழிலுக்குப் போகக்கூடாது என்று மைக்கில் சொன்ன நாளில், முன்பே போய்விட்ட வைத்தியின் படகு கவிழ்ந்ததாகத் தகவல் வந்தது. சிங்காரம் தனியாகத் தன் பைபர் படகை இறக்கினான். மூன்று பையன்களைத் தண்ணீரிலிருந்து இழுத்துப்போட்டுக்கொண்டு கரை சேர்ந்தான். நான்காவது ஆளான வைத்தியைக் காணோம் என்றதும் மறுபடியும் இறக்கினான். வைத்தி அதற்குள் டீசல் கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கி, யாரோ போர்த்திவிட்ட சாக்கில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சிங்காரம் திரும்பவில்லை. கரை ஏறிவிட்டவனைத் தேடிப் போனவன் கடலிலேயே நின்றுவிட்டான்.

ஊர் அவனைத் தெய்வமாக்கியது, பேனர் வைத்தது, அவன் பெண்டாட்டிக்கு வாதமரத்தடியில் மீன் ஆயும் இடம் கொடுத்தது. வைத்தி பிற்பாடு பஞ்சாயத்துக்குத் தலைவனாக, ஊர் நாட்டாராகவும் ஆனான். அஞ்சலாட்சிக்கு மட்டும் கோபம் ஆறவே இல்லை. அந்தக் கோபத்தை ஊன்றிக்கொண்டுதான் அவள் விடியலில் எழுந்தாள், அதைக் கட்டிக்கொண்டுதான் ஏலத்துக்கு நடந்தாள், அதன் பலத்தில்தான் பெரிய திருக்கையைக்கூட ஒரே வெட்டில் பிளந்தாள். அவன் குரலைக் கேட்டால் அது உருகிவிடும், உருகினால் தான் எதை ஊன்றி நடப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஊர் மீன் பேச்சுக்குப் பழகிப்போனது. வலை பின்னும் இடத்தில் மத்தியின் நியமங்களைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. கோயில் பூசாரி, கொடியேற்றும் நாளில் மட்டும் பேசாமல் இருந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். ஒருநாள் ஒரு கொடுவா, "பொம்பளைய மட்டமாப் பேசுறவன் சபதம் முறிஞ்சவன், அவன் அதுவரைக்கும் சொன்ன மந்திரமெல்லாம் உமி" என்று பஞ்சாயத்தார் காதுபடச் சொல்லித் தொலைத்தது. அதிலிருந்து பெண்கள் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வெளியே நிற்காமல் உள்ளே உட்கார்ந்தார்கள், ஆண்கள் கொடுவா வாங்குவதை நிறுத்தினார்கள்.

அஞ்சலாட்சியின் கட்டை பேசாவிட்டாலும் பக்கத்துக் கட்டை பேசியது. அது அவள் நாத்தனார் தையல்நாயகியுடையது, கை எட்டும் தூரம்.

"கோவத்த கழுவி ஊத்தாத," என்று ஒரு சூரை அங்கே சொன்னது. "நல்லாத் தேய்ச்சா அது கண்ணாடி. இருக்குறத இருக்குறபடி காட்டும்."

"கேட்டீங்களா அண்ணி," என்றாள் தையல்நாயகி.

"கேட்டேன். கண்ணாடி வீட்டுல ஒண்ணு இருக்கு. ரசம் போயி அதுவே என்னப் பாத்து மொறைக்குது."

"ஒங்களுக்காகவே சொல்ற மாதிரி இல்ல?"

"எனக்குன்னா என் கட்டைக்கு வரணும். ஒன் மீனு ஒனக்குச் சொல்லுது. ரத்தம் என் மேல தெறிக்காம வெட்டு."

மீன் பேசுகிற செய்தி கேட்டு நோர்பு லாமா வந்தது அந்தச் சமயத்தில்தான். குடகுப் பக்கத்துத் திபெத்தியர் குடியிருப்பில் பிறந்த பௌத்தத் துறவி, லாமா ஆவதற்கு முன் குளிர்காலம்தோறும் திருச்சியில் தெருவோரத்தில் ஸ்வெட்டர் விற்றவர், ஆகவே தமிழ் தெரியும், அதுவும் கடைத் தமிழ். சிவப்பு அங்கியை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு மீன் தண்ணீரில் நின்று, பேசிய வரிகளைக் கேட்டுக்கேட்டு, ஒருநாள் அங்கேயே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். பஞ்சாயத்தார் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தார்கள்.

"இது ஒரு பழைய புக்கு," என்றார் நோர்பு. "புத்தர் பேரால வந்த தந்திர நூல்ல ரொம்பப் பெரிசு. தெற்குல எங்கியோ ஒரு இரும்புத் தூபி இருந்திச்சாம். அதுக்குள்ள பூட்டி வச்சிருந்தாங்க. ஒரு பெரிய குரு வெள்ளைக் கடுகை மந்திரிச்சுக் கதவு மேல எறிஞ்சாரு, கதவு தொறந்திச்சு. உள்ள காவல் நிக்கிற தெய்வங்க கோவமா முறைச்சாங்க. அவரு சபதம் பண்ணினாரு, அப்புறம்தான் உள்ள விட்டாங்க. மனப்பாடம் பண்ணிட்டு வெளிய வந்தாரு. அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு வச்சிரபோதின்னு ஒரு பிக்கு, தெற்கு ஆளு, கப்பல்ல சீனாவுக்குப் போறாரு. கையில பெரிய புக்கு ஒண்ணு, அதோட சுருக்கம் சின்னதா ஒண்ணு. நடுக்கடல்ல புயல். பாரத்தக் கொறைன்னு கப்பல்காரன் எல்லாத்தையும் தூக்கிப் போட்டான். பெரிய புக்கு போயிருச்சு. சின்னது தப்பிச்சுது. அந்தச் சின்னத வச்சுக்கிட்டுத்தான் சீனாவுல, ஜப்பான்ல கோயிலு, குரு, சீடன் எல்லாம் வந்திச்சு. இப்படித்தான் எங்க வழக்குல சொல்லுவாங்க."

"அந்தப் பெரிசுதான் இதா?" என்று வைத்தி கேட்டான்.

"வேற எது கடலுக்குள்ளேர்ந்து பேசும்?"

இது ஊருக்கு நியாயமாகவே பட்டது. எந்தக் கடலில் போட்டார்கள், ஏன் இங்கே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நீரோட்டத்தைப் பற்றிச் சங்குத்துறைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் தண்ணீருக்கடியில் கிடந்த நூல் வடமொழியை மறந்து, தலைக்கு மேலே போய்வரும் படகுகளின் பேச்சைக் கற்றுக்கொண்டதும் அவர்களுக்கு வியப்பாக இல்லை. மேலே போனவர்களைவிட உள்ளே போனவர்கள் அதனிடம் அதிக நேரம் பேசியிருப்பார்கள் என்பதும் சொல்லாமலே புரிந்தது.

அன்றிலிருந்து நோர்பு வரிகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். வெளியே கழுவித் துடைக்கும் பாடங்கள் முதலில், உள்ளே பார்க்கும் பாடங்கள் அடுத்து, உள்ளுக்குள்ளே ஒன்றாகிவிடும் பாடங்கள் கடைசியில் என்று அடுக்கினார். இறால் சுருளுவதை முத்திரை என்று படம் பிடித்துக்கொண்டார். "கும்பிடுறவனும் கும்பிடுற சாமியும் ஒரே வலையில விழுந்த ரெண்டு மீனு" என்று ஒரு விளமீன் சொன்னபோது சந்தையின் நடுவே அதை விழுந்து வணங்கினார். வாங்க வந்தவர் பொறுமையிழந்து, "சாமி, என் மீனு," என்றார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தையல்நாயகியின் கட்டையில் அந்தச் சபதம் வந்தது. "கடைசி ஆளு கரை ஏறுற வரைக்கும் நான் கரை ஏற மாட்டேன்," என்றது ஒரு சூரை.

குரல் சிங்காரத்துடையது இல்லை, ஆனால் சபதம் அவனுடையது என்று சந்தை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்குள் அந்த வரி படகுகளின் முன்பக்க அணியத்தில் பெயிண்டில் ஏறியது, கபடி அணியின் பனியனில் ஏறியது, சிங்காரத்தின் பேனரில் அவன் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஏறியது. அஞ்சலாட்சி ஏலத்துக்குப் போக வேண்டுமானால் அந்தப் பேனரைக் கடந்துதான் போக வேண்டும். அவள் முந்தானையை அந்தப் பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள்.

நோர்புவோ அந்த வரியில் திகைத்து நின்றார். அதற்கு அடுத்த வரி இல்லை. பாடம் அங்கே பாதியில் தொங்கியது, அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கிடைத்துவிட்டிருந்தன. வேறு எந்தக் கட்டையிலும் அது வரவில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் ஊர் முழுவதும் வாதமரத்தைத் திரும்பிப் பார்த்தது.

"அடிபட்ட வரி அழியாது," என்றார் நோர்பு. "வேற மீன்ல மறுபடி வரும். ஆனா அது தன் காதத் தேடித்தான் வரும். அதே கட்டைக்கு."

"அப்ப தெனமும் வருது, தெனமும் அடிச்சுக்கிட்டிருக்கா," என்றார் பஞ்சாயத்தில் ஒருவர்.

பஞ்சாயத்து அஞ்சலாட்சியைக் கூப்பிட்டது. அவள் கத்தியைக் கழுவி, கட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மீன் வாடையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். வைத்தி அவள் முகத்தைப் பார்க்காமல் ஊர் முடிவைச் சொன்னான்.

"அண்ணி, இனிமே அடிக்காம ஆயணும். சூரையையாவது அடிக்காம ஆயணும். இல்லாட்டி அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுக்கிறதா ஊரு முடிவு பண்ணிருக்கு."

"எந்த எடத்த?"

"மரத்தடி எடத்த."

"எம்புருசன முழுங்கிட்டு நீங்க ஏப்பம் விட்டீங்களே, அந்த எடத்தயா?"

தினமும் அடிக்கிறாள் என்று முன்பு சொன்ன அதே பஞ்சாயத்தார், "நூலு ஊருக்குச் சொந்தம்," என்றார்.

"ஊருக்குச் சொந்தமான நூலு வாயத் தொறந்ததும் என்ன சொல்லுது? அனுமதி இல்லாதவன் காதப் பொத்துங்குது. இத்தினி நாளா சொல்லிக்கிட்டே இருக்கு. நீங்க ஒருத்தராச்சும் ஒரு தடவ பொத்துனீங்களா? அதுதான் முதல் பாடம், அதுலயே பெயிலு. பனியன்ல வேற எழுதிக்கிட்டுத் திரியிறீங்க."

நோர்பு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பஞ்சாயத்தார் அவரை முறைத்தார்கள்.

"அக்கா சொல்றது கரெக்ட்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுல பேரம் கிடையாது, பிக்ஸ் ரேட். ஒரு வாயி, ஒரு காது. எங்க நூல் எல்லாத்துலயும் ஓட்டை உண்டு, வேணும்னே விட்டது. வரிசைய மாத்தி எழுதி வப்பாங்க, ஒரு படிய விட்டுட்டு எழுதுவாங்க. படிச்சவன் தானாச் செஞ்சா தப்பாப் போவும். விட்டத குரு வாயால சொல்லணும். நான் அந்த எடத்தக் காலியா விட்டு எழுதிக்கிறேன். எனக்குச் சண்ட வேணாம்."

"அப்ப விட்ருங்க," என்றாள் அஞ்சலாட்சி.

"விட்டாச்சு. ஆனா யாராச்சும் ஒருத்தர் கேக்கணும் அக்கா. யாருமே கேக்கலன்னா அது சுத்திக்கிட்டே இருக்கும். பாவம்."

அவள் எழுந்தாள். அப்போது வைத்தி, நாட்டாருக்கான நாற்காலியிலிருந்து எழுந்து, தரையில் அவள் விட்ட பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். பெரிய உருவம், கொஞ்ச நாளாக எலும்பு தெரிய இளைத்திருந்தான்.

"எடம் ஒங்களுதுதான் அண்ணி. நான் நாட்டாரா இருக்குற வரைக்கும் எவனும் தொட மாட்டான். நான் தப்பாப் பேசிட்டேன்." அவன் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். "அந்த வரி எனக்கு எதுக்குன்னா... கடைசி ஆளு ஏறுற வரைக்கும்னு சொல்லிட்டு அது அங்கியே நிக்குது. நான் அன்னிக்கே ஏறிட்டேன். அது அவருக்குத் தெரியாது. இன்னும் என்னத் தேடிக்கிட்டிருக்காரோன்னு நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது. அவருகிட்ட யாராச்சும் சொன்னாங்களான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அஞ்சலாட்சி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவன்மீதும்தான் அவள் கோபப்பட்டிருந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவன் என்று மனதுக்குள் இவனுக்குப் பெயரே வைத்திருந்தாள். இவன் டீ குடித்த அந்தக் கரையிலேயே இன்னும் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பான் என்று அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்ததற்காகவும் எரிச்சல் வந்தது.

"இத மொதல்லியே சொல்றதுக்கென்ன, எடம் கிடம்னுக்கிட்டு," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏலம் முடிந்து, அவள் தன் கையாலேயே கூடையிலிருந்து ஒரு சூரையை எடுத்துக் கட்டையில் போட்டாள். கத்தியைத் திருப்பி முதுகால் அடிக்காமல், கூர்ப்பக்கத்தை நேரே வயிற்றுக்குக் கொண்டுபோனாள். எதிரே நின்ற வாடிக்கைக்காரி முதலில் கவனித்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்துத் தையல்நாயகி பொத்தினாள், தன் அண்ணன் குரலைக் கேட்க எத்தனையோ நாளாக ஏங்கியவள், உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தினாள். அவளைப் பார்த்து ஐஸ் உடைக்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள், வலைக்காரர்கள், லாரிக்காரர்கள், நோர்பு லாமா, பஞ்சாயத்தார் என்று எல்லோரும் பொத்திக்கொண்டார்கள். நூல் இத்தனை நாள் கேட்டதை அன்றுதான் சங்குத்துறை முதல்முறையாகச் செய்தது. காகங்கள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

அவள் கத்தியை வைத்தாள்.

"அனுமதி இல்லாதவங்க காதப் பொத்திக்குங்க," என்றது சூரை, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசும் குரலில், அவசரமே இல்லாத, எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற குரலில்.

"நான்தான்யா," என்றாள் அஞ்சலாட்சி. "சொல்லித் தொலை."

"கடைசி ஆளு தண்ணியிலதான் இருப்பான்னு நெனைக்காத," என்றது சிங்காரத்தின் குரல். "கரையில நின்னுக்கிட்டே கரை ஏறாதவங்க உண்டு. அவங்கள மொதல்ல ஏத்து."

அவ்வளவுதான். மீன் அடங்கிவிட்டது.

அஞ்சலாட்சி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் பயந்தபடி கோபம் உருகவில்லை. கழுவிய கண்ணாடி மாதிரி அது எதிரே வந்து நின்றது, அவள் அதைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்தவனுக்கு நாலாவது ஆளை இன்னொருவன் தேடட்டும் என்று தோன்றவில்லையா என்று திட்டினாள், ஈரத்தோடு வந்து நின்றவன் ஒரு வாய் சுடுதண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி ஓடினாயே என்று திட்டினாள், மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று மாற்றாமலே போனதற்குத் திட்டினாள், ஊரெல்லாம் உன்னைக் கும்பிட நான் ஒருத்தி மட்டும் உன்னை மன்னிக்காதவளாக நடுத்தெருவில் நடந்தேனே என்று திட்டினாள், நீ தேடிப்போன வைத்தி அன்றைக்கே கரை ஏறிவிட்டானய்யா, நாலு ஊர் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான், இனியாவது தேடுவதை விடு என்று திட்டினாள். திட்டத் திட்ட அன்றைய நாள் உள்ளது உள்ளபடி தெரிந்தது. அவன் அவளை விட்டுவிட்டுப் போகவில்லை. படகைத் தள்ளும்போது திரும்பி, வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினான், வரத்தான் போகிறோம் என்று நம்பித்தான் காட்டினான். அதைக் கண்டதும் அதற்கும் சேர்த்துத் திட்டினாள். சந்தை முழுவதும் காதைப் பொத்தியபடி, அவள் வாய் அசைவதையும், கை ஆடுவதையும், கண்ணிலிருந்து தண்ணீர் தாடைவரை வழிவதையும், அதைத் துடைக்காமலே அவள் செத்த மீனிடம் விரலை நீட்டிக் கேள்வி கேட்பதையும் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு நேரத்தில் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. அவள் மூக்கைச் சிந்தினாள், சூரையைத் துண்டு போட்டாள், துண்டுகளைக் கழுவினாள். பிறகு நாத்தனாரின் கையைப் பிடித்துக் காதிலிருந்து இறக்கினாள்.

"தையலு, சோறு இருக்கா?"

"தூக்குல இருக்கு அண்ணி. நேத்துக் கொழம்பு."

"அவனுக்கும் சேத்துப் போடு."

"எவனுக்கு?"

அஞ்சலாட்சி பதில் சொல்லாமல் எழுந்து நடந்தாள். வைத்தி ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால், ஈர மணலில், காதைப் பொத்தியது போதாதென்று கண்ணையும் மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்து இறக்கியதும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"என்ன அண்ணி சொன்னாரு?"

"ஒன்னக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு," என்றாள் அவள். "போயிக் கையக் கழுவிட்டு வா. சோறு போட்டாச்சு."